அன்னதானக் கூடச் சூரிய மின்திருப்பணி: நிறைவு அறிக்கை

திருக்கோயில் உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் பணிவான வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள நம் திருக்கோயிலின் அன்னதானக் கூடத்து மாடியில் 10 கிலோவாட் சோலார் தகடுகள் அமைக்கும் பணி, ஆடிப் பண்டிகைக்கு முன்பாகவே நிறைவுற்றது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். விமானத்தின் மீதும் திருச்சுற்று மண்டபங்களின் மீதும் எதையும் ஏற்றலாகாது என்று ஸ்தபதியும் அர்ச்சகர்களும் தொடக்கத்திலேயே கூறிவிட்டதால், இந்த மாடியில் கிடைத்த ஆயிரம் சதுர அடியே பணியின் அளவைத் தீர்மானித்தது.

பணி இடையில் சற்றுத் தாமதமானதன் காரணத்தையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். காலை ஒன்பதரை மணி வரை கோபுர நிழல் விழும் இடத்தில் ஒப்பந்ததாரர் ஒரு வரிசையை அமைத்துவிட்டார். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மீது விழும் நிழல்கூட அந்த வரிசையின் உற்பத்தியைக் கணிசமாகக் குறைக்கும். ஆகவே அவற்றைக் கழற்றி, தெற்கு நோக்கிச் சுமார் 11 பாகைச் சாய்வில் மீண்டும் பொருத்தச் செய்தோம். தகடு சூடேறினால் மின்சாரம் குறையும் என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலை எண்ணி, அடியில் காற்றோட்டம் இருக்குமாறு சட்டங்களை உயர்த்தியும் வைத்தோம்.

நம் பகுதியில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். அவ்வகையில் நல்ல வெயில் நாளில் 40 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். மலையிலிருந்து மேகம் இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இது வெகுவாகக் குறையும்.

மின்தடை நேரத்தில் இதன் மூலம் விளக்கு எரியாதது குறித்துப் பலர் கேட்டனர். கம்பத்தில் பழுது பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து நேராதிருக்க, மின்வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன், தகடுகளின் மின்சாரத்தைப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றித் தரும் நம் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். இது குறைபாடன்று.

குழு நெடுநேரம் விவாதித்தது வேறொன்றைப் பற்றி. வெயில் நண்பகலில் உச்சம். நம் தேவையோ சாயரட்சை எனும் மாலைப் பூசைக்குப் பின்னரே மிகுதி. இது நம் கோயிலுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. மேட்டூர் அணையின் நீர்மின் நிலையங்கள், ஜூன் 12 முதல் டெல்டாப் பாசனத்துக்குத் திறக்கும் நீரையே பெரிதும் நம்பியிருப்பவை. தென்மாவட்டக் காற்றாலைகள் வைகாசி முதல் புரட்டாசி வரை நன்றாகச் சுழலும். இவை இரண்டும் பருவத்தைச் சார்ந்தவை. எனவே மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும்போது சுமையின் பெரும்பகுதி மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற நிலக்கரி நிலையங்கள் மீது விழுகிறது. அவற்றின் கொதிகலன்களை நினைத்த மாத்திரத்தில் அணைத்து மூட்டவும் இயலாது. தகடு பதித்ததோடு கடமை முடிந்ததாகக் குழு கருதாததற்கு இதுவே காரணம்.

ஆகவே ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் அன்னதானக் கிரைண்டரையும் முற்பகல் 11 மணி முதல் 2 மணிக்குள் மட்டுமே இயக்குவது என்று முடிவு செய்து, மடைப்பள்ளியாருடன் பேசி வேலை நேரத்தை மாற்றினோம். பிரகாரத்தின் பழைய சோடியம் விளக்குகள் அனைத்தும் எல்இடியாக மாற்றப்பட்டன. எஞ்சும் பகல் மின்சாரம், வரவையும் போக்கையும் அளக்கும் இருவழி மீட்டர் வழியே மின்வாரியக் கம்பிக்குச் செல்கிறது. பேட்டரி வாங்கும் யோசனை, செலவு கருதி அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

தகடுகளில் படியும் புழுதியை, அவை சூடேறுவதற்கு முன் அதிகாலையில் கழுவ வேண்டும். மாதம் இருமுறை இப்பணிக்கு வர இயலும் இளைஞர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் பதியுமாறு வேண்டுகிறோம். வரவு செலவுக் கணக்கு, ரசீதுகளுடன் அங்கேயே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.