வளையலை அடகு வைக்காதே

அன்புள்ள சரசு,

கடிதம் கிடைத்தது. உன் மகள் பெயருக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததும், வக்கீல் ஃபீஸுக்காக நீ வளையலைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

வந்திருப்பது வெறும் நோட்டீஸ், கோர்ட் சம்மன் அல்ல. இருந்தாலும் பதில் போடாமல் விட்டுவிடாதே. சம்மன் வந்த பிறகு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால்தான் வில்லங்கம். எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு.

முதலில் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெரும்பாலும் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். போன் 15100. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். வருமான வரம்பு கிடையாது. இது தெரியாமல்தான் பலர் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைகிறார்கள். ஆதார் நகல், நோட்டீஸ் நகல், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிய மனு, இவற்றோடு போனால் ஆரம்பித்துவிடலாம். குடும்ப வழக்கு நடத்திப் பழகிய வக்கீல் வேண்டும் என்று அந்த மனுவிலேயே எழுது, ஏனென்றால் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் (பேனல்) இருக்கும் எல்லோரும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். அவர் உன்னிடம் ஃபீஸ் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடு.

தனியாகத்தான் வக்கீல் வைப்பேன் என்றால், இணையத்தில் வரும் 'நம்பர் ஒன்' பட்டியலைப் பார்த்துப் போகாதே. வக்கீல்கள் விளம்பரம் செய்யவே பார் கவுன்சில் விதியில் தடை இருக்கிறது. காலையில் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் அரை மணி நேரம் நின்றாலே, தினமும் அங்கே வந்து போகிறவர் யார் என்று தெரிந்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். ஏதாவது ஒரு வழக்கைத் திறந்தால் வாய்தா தேதிகளும், ஒவ்வொன்றும் எதற்காகப் போட்டது என்பதும் வரிசையாக வரும். 'கவுன்டர் தாக்கல்' (எதிர்த்தரப்பு மனுவுக்குப் பதில் மனு போடுவது) என்றே ஆறேழு வாய்தா நீண்டிருந்தால், ஏன் என்று அவரிடமே கேட்டுவிடு.

பேசப் போகும்போது ஃபீஸை மொத்தமாகக் கேட்காதே, பிரித்துக் கேள். நோட்டீஸுக்குப் பதில் எவ்வளவு, கவுன்டர் எழுத எவ்வளவு, ஆஜர் ஒவ்வொன்றுக்கும் தனியா, டைப்பிங், ஜெராக்ஸ், பேட்டா இதில் அடக்கமா? கட்டம் கட்டமாகத் தருகிறேன் என்று சொல்லி, கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்கு. 'வருகிற ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம்' என்று பேரம் பேசுகிறவரிடம் போகவே வேண்டாம், அது விதிக்குப் புறம்பு. வெற்றுத் தாளில் மகள் கையெழுத்துப் போடக் கூடாது. அசல் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று எல்லாம் உன் பீரோவிலேயே இருக்கட்டும். இப்போதைக்கு ஜெராக்ஸ் கொடு. நாளைக்கு வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-இலேயே இதைச் சொல்லிவிட்டது.

இன்னொன்று, இதைப் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவில் ஒரு மனுப் போடச் சொல். மகளுக்குப் போதிய வருமானம் இல்லையென்றால், இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் மாப்பிள்ளை தரும்படி கேட்கலாம். அந்த மனுவின் நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குச் சார்வு ஆன (கையில் சேர்ந்த) 60 நாளுக்குள் அதை கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 2020 தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். மாப்பிள்ளையின் சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் நகல் எதுவும் வீட்டில் கிடந்தால் இப்போதே எடுத்து வை.

நோட்டீஸின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அது வந்த கவரையும் சேர்த்து எடு, தபால் முத்திரையில் தேதி தெரியும்படி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி