இலாகா கேட்கும்போது கடலையும் கேளுங்கள்

தில்லிக்குக் கூட்டணி பேசப் போகும் தமிழகக் கட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன்.

1996 ஜூனில் தேவகவுடா தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சி வந்ததும், அடுத்த ஏப்ரலில் அவர் போய் குஜ்ரால் வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் கமிஷன் அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ். குஜ்ரால் மறுத்தார். 1997 நவம்பர் 28-ல் ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அந்த மறுப்புக்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

கவிழ்ந்த ஆட்சி என்று எல்லோரும் அதைத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் கரையில் கணக்கு வேறு. 1991-ல் நரசிம்ம ராவ் அரசு, வெளிநாட்டுக் கூட்டு முயற்சிக் கப்பல்களுக்கு நம் ஆழ்கடலைத் திறந்துவிட்டது. 1994-ல் மீனவர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு அமைந்த முராரி குழு, அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. மீன்வளம் முழுவதும் ஒரே அமைச்சகத்தின் கீழ் வர வேண்டும் என்றும் சொன்னது. மொத்தம் 21 பரிந்துரைகள். அவற்றை 1997 செப்டம்பரில் ஏற்றது குஜ்ரால் அரசுதான். கவிழ இரண்டே மாதம் இருந்தது.

மீன்வளத்தோடு கால்நடையையும் பால்வளத்தையும் சேர்த்து ஒரு தனி அமைச்சகம் வந்தது 2019-ல். நடுவில் வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி என எத்தனை நீண்ட ஆட்சிகள்! நிலையான ஆட்சி வந்தால்தான் கோப்பு நகரும் என்று இனி யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். 1996-ல் நிதி ப. சிதம்பரத்துக்கு, தொழில் முரசொலி மாறனுக்கு, தரைவழிப் போக்குவரத்து டி.ஜி. வெங்கட்ராமனுக்கு, தொழிலாளர் நலன் எம். அருணாசலத்துக்கு. மீனைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. 2004-ல் கப்பல் துறையை வாங்கினீர்கள். மறு ஆண்டு சேது சமுத்திரத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார், கடலே இல்லாத மதுரையில். 2021-ல் பா.ஜ.க.வின் எல். முருகன் மீன்வள இணையமைச்சர் ஆனார். ஆனால் கூட்டணிக் கட்சி எதுவும் பேரம் பேசிப் பெற்ற பதவி இல்லை அது.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன விசைப்படகு மறுநாள் காலை கரை சேரவில்லை என்றால், இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதோ என்று வீட்டுப் பெண்கள் முதலில் சங்கத் தலைவருக்குப் போன் அடிப்பார்கள். அப்புறம் படகின் பதிவுச் சான்று நகலோடு மீன்வளத் துறை அலுவலகம். அங்கிருந்து தகவல் சென்னைக்குப் போகும். முதல்வர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார். ஆள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார். படகைத்தான் இலங்கை அரசுடைமையாக்கிவிடுகிறது. படகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி இங்கே ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் இழுவை மடி, அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் பெரிய வலை, அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவரின் வலையைக் கிழிக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால்தான் இரு கரையோடும் உட்கார்ந்து பேச, கேபினட் அந்தஸ்தில் ஒருவர் வேண்டும் என்கிறேன்.

அடுத்த முறை பேச்சுவார்த்தை மேசையில் இலாகாப் பட்டியலை நீட்டும்போது, மீன்வளத்தை முதல் வரியில் எழுதுங்கள். குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் போட்டால், பாக் நீரிணைக்கு அதில் தனிப் பத்தி வேண்டும். எந்தக் கட்சி கேட்டு வாங்கினாலும் எங்களுக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாக்காளர் ஒருவர்