அண்ணனுக்கு: உன் மகள் பெயரையும் சேர்த்துவிட்டேன்

அண்ணே,

மலையேற்றத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கோடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் இருந்து கீழே வெள்ளகவி ஊர் வரை. என் பெயர், என் மகள் பெயர், மூன்றாவதாக உன் மகள் பெயர். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை. அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் பதிவை ரத்து செய்யப் போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "வேணாம்" என்பாய், நான் "சரிண்ணே" என்பேன், அதோடு முடிந்துபோகும். நம் வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இங்கே எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நம் சனங்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். சாயங்காலத்துக்குள் யாராவது பெரியம்மா வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். அதனால் சில இடங்களில் சுற்றி வளைத்துத்தான் எழுதுவேன். உனக்குப் புரிந்தால் போதும்.

மதினி, நீங்கள் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மகள்தான் என்னிடம் வந்து கேட்டாள். நான் தூண்டிவிடவில்லை. கொஞ்சம்தான் தூண்டினேன்.

குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கியதைச் சொல்லித்தான் நீ ஆரம்பிப்பாய், அண்ணே. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ராத்திரி நீ டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் அந்தப் புல் சரிவில் எத்தனையோ தடவை நடந்தவன் நீ. மார்ச் மாதம் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், காற்று எந்தப் பக்கம் ஏறும் என்று திரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாய். அடுத்தடுத்த நாட்களில் இறந்தவர்கள் கணக்கு 23 ஆனது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்க்கப் போய் வாசலோடு திரும்பி வந்தாய். உன் ஷூ பரணுக்குப் போனது அந்த வாரம்தான். அதை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை, இப்போதும் செய்யவில்லை.

ஆனால் அதே வாரம், சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது இன்னொன்று. "பொம்பளப் புள்ளைகள எதுக்கு மலைக்கு அனுப்புறாக?" நான்தான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். தீ ஆளைப் பார்த்தா அண்ணே வந்தது? காய்ந்த மாதத்தில் புல்லுக்குள் போகக் கூடாது என்று சொல்லியிருந்தால் சரி. வழி தெரிந்த ஊர்க்காரன் இல்லாமல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தாலும் சரி. உனக்குத் தெரிந்த அத்தனை காரணத்தையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத்தான் எடுத்தாய்.

இப்போது நிலைமை வேறு. 2024 அக்டோபரில் வனத்துறை தமிழ்நாடு முழுக்க 40 தடங்களைத் திறந்தது. கூட வருவது மலையை ஒட்டிய ஊர்க்காரர்கள். தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். நாங்கள் போவது மழை விட்டு, புல் பச்சையாக இருக்கும்போது. "பச்சையா இருக்கையில போ, மஞ்சளாச்சுன்னா இறங்கிரு" என்பது நீ சொன்னதுதான். என்னிடம் சொல்லவில்லை. உன் கூட்டாளிகளிடம் சொன்னாய். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

உன் மலைச் சரித்திரம் முழுவதும் எனக்கு அடுக்களை வழியாக வந்ததுதான். டாப் ஸ்டேஷன் கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! மூணாறுத் தேயிலை 1908-ல் போட்ட சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் வண்டியில் போடிக்குப் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். கீழமாசி வீதிக் கடையில் ஏலக்காய் மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே இதைச் சொல்வாயாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்வாய். நான் காப்பி கொண்டுவந்து வைக்கும்போது கம்பிவடம் பாதி மலையில் தொங்கிக்கொண்டிருக்கும். மீதியைக் கேட்கக் கதவோரம் நிற்பேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும், ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. கோடைக்கானல் ஏரி 1845-ல் வந்ததில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவின்ஜ் ஓடையை மறித்து ஏரி ஆக்கியது 1863-ல். அமெரிக்க மிஷன்காரர்கள் மேலே முதல் இரண்டு வீடுகளைக் கட்டிய வருஷம்தான் 1845. நம் ஊரில் காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, குளிர்ந்த இடம் தேடி ஏறியவர்கள். பின்னாளில் அமெரிக்கன் காலேஜைத் தொடங்கியதும் அதே மிஷன்தான். நீ இரண்டையும் குழப்பி, என் மாமனாரிடமே சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி திருத்தினால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஆனால் வெள்ளகவியைப் பற்றி நீ சொன்னது சரி. 1821-ல் லெப்டினன்ட் வார்டு அந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறிப் போய் மலையை அளந்தார். கோடைக்கானல் என்று ஒரு ஊர் உருவாகும் முன்பே அது ஊர். ரயில் வந்த பிறகு வெள்ளைக்காரர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் வந்து, அடிவாரத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோ அந்தப் பக்கமாக ஏறினார்கள். முதல் உலகப் போர்ச் சமயத்தில் மலைச்சாலையில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பழைய வழியை எல்லோரும் மறந்தார்கள். இதெல்லாம் நீ சொன்னது. டோலியைத் தூக்கியது யார் என்று மட்டும் நீ ஒருநாளும் சொன்னதில்லை. உன்னிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

அரைப் பரீட்சை லீவு. "பத்தாவது படிக்கிற புள்ள, படிச்சுப் படிச்சு வெளிறிப் போயிருச்சு, கூட்டிட்டுப் போடா" என்று அப்பா சொன்னதால் கூட்டிப்போனாய். அடிவாரத்துக் கும்பக்கரையில் இருட்டோடு ஏற ஆரம்பித்தோம். யானை கெஜம், குதிரை கெஜம் என்று பாறைக் குழிகளுக்குப் பெயர் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினாய். மாந்தோப்பு முடிந்து, முள்ளுக்காடு முடிந்து, காப்பிச் செடி தெரிய ஆரம்பித்தபோது வெயில் முதுகில் இருந்தது. உன் கூட்டாளிகளில் இரண்டு பேர் எனக்குப் பின்னால்தான் மூச்சிரைக்க வந்தார்கள். இதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கேயும் இது பதிவாகவில்லை.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே எல்லோரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். அப்போதுதான் நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. படிக்கிற பெண்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

"ஊரு பூராம் கோயிலு. நீ இங்கனயே இரு."

ஊர்க்காரர்கள் யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. நீயாகவே முடிவு செய்தாய். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். நீங்கள் வெறுங்காலோடு உள்ளே போனீர்கள்.

காப்பிப் பழக் கூடையோடு ஒரு பாட்டி வந்தது. "ஏந்தாயி தனியா உக்காந்திருக்க?" சொன்னேன். "ஆரு உக்காரச் சொன்னா?" அண்ணன் என்றேன். "ஊருக்குள்ள ஆருட்டயாச்சும் கேட்டானா?" இல்லை என்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கூடையை வைத்துவிட்டுப் போய், ஒரு லோட்டாவில் கருப்பட்டிக் காப்பியோடு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. தொட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தது.

அந்தப் பாட்டி சொன்னதுதான் டோலிக் கதை. அதன் மாமனாருடைய அப்பா தூக்கியவராம். தூக்குகிறவர்கள் கால் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தால் டோலி ஊஞ்சலாடும், உள்ளே இருக்கிற துரைசானிக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் காலை மாற்றி மாற்றி வைத்து ஏறுவார்களாம். மழையில் அட்டை ஏறினாலும் குனிந்து பிடுங்க முடியாதாம். "துரை போயிட்டான். டோலி போகல தாயி" என்றது. வண்டிப் பாதை இல்லாத அந்த ஊரில் பிள்ளைத்தாச்சிகளை அப்படித்தான் இறக்கினார்களாம். தன்னையும் இறக்கியிருக்கிறார்களாம், மூத்தவன் பிறந்தபோது.

நீ திரும்பி வந்தபோது பாட்டி போய்விட்டிருந்தது. கூட்டாளிகளை மேலே போகச் சொல்லிவிட்டாய். வட்டக்கானல் ஏறி, கோடைக்கானலில் தங்கி, காலையில் பஸ்ஸில் இறங்குவதாகப் பல வாரமாகப் போட்ட திட்டம் அது. உன் துண்டை என்னிடம் கொடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாய். என் பையையும் நீயே வாங்கிக்கொண்டாய். கும்பக்கரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் போகவும் இல்லை. வழியில் விறகு சுமந்து இறங்கியவர்கள் எங்களைத் தாண்டிப் போக வந்தபோதெல்லாம் நீ என் முதுகை ஒட்டி நின்றுகொண்டாய். கோபத்தில் என்னை விரட்டிக்கொண்டு வருகிறாய் என்றுதான் நினைத்தேன். நீ ஏன் பின்னால் நடந்தாய் என்பது எனக்கு ஒரு மகள் வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அதற்காக உன்னை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த வரியிலேயே சண்டை போடவும் வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "பாதியிலயே உக்காந்துட்டாப்பா, ஏற முடியல" என்றாய். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாவிடம் வேறு என்ன சொல்ல முடியும்? நீ என்னை மறைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாய். ஆனால் அந்தப் பொய்யை அங்கேயே விட்டிருக்கலாம். சித்தி மகள் கல்யாணத்தில் சொன்னாய். என் வளைகாப்பில் என் வீட்டுக்காரரிடம் சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளகவிக்குப் போய்வந்த அடுத்த வருஷமே பெரியப்பா பையன்களோடு நீ மேகமலைக்குக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்றேன். "உன்னாலதான் ஏற முடியாதுல்ல" என்றார் அப்பா. நீ வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்த்தாய். பேசாமல் துண்டில் கையைத் துடைத்தாய்.

பாறையில் உட்கார வைத்ததை நான் எப்போதோ விட்டுவிட்டேன். உனக்கே அப்போது இருபது வயது, உனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இந்தக் கை கழுவிய இடம்தான் இன்னும் இருக்கிறது. "ஏறுவாப்பா" என்று ஒரு வார்த்தை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் டாப் ஸ்டேஷனையும் மேகமலையையும் கதவோரம் நின்று கேட்டிருக்க வேண்டாம்.

இதை இத்தனை பேர் முன்னால் எழுதுவது உனக்கு அசிங்கமாக இருக்கும். நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்னதும் இத்தனை பேர் முன்னால்தான். இல்லை, பதிலுக்குப் பதில் என்று எழுதவில்லை. கொஞ்சம் அப்படித்தானோ என்னவோ. அழிக்காமல் விடுகிறேன்.

உன் மகளுக்கு இந்தக் கதை தெரியாது. அத்தைக்கு ஏற முடியவில்லை என்ற கதைதான் தெரியும். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவள் ஓடுவதைப் போய்ப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன். உன்னை மாதிரியே தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஓடுகிறாள். நாங்கள் மேலிருந்துதான் இறங்குகிறோம். அது உனக்குக் கணக்கில் வராது, மலையைக் கீழிருந்து ஏறினால்தான் ஏறியதாக அர்த்தம் என்பாய். இருக்கட்டும். திரும்பி வரும்போது ஏறத்தானே வேண்டும்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று பேரும் உள்ளே போவோம். பிள்ளைகளில் யாருக்காவது அன்றைக்கு அப்படி இருந்தால், அந்த ஊர்ப் பெண்களிடமே கேட்போம். வெளியே இருக்கச் சொன்னால் மூன்று பேரும் சேர்ந்து இருப்போம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் ஆரப்பாளையத்தில் பஸ். கவர்மென்ட் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கோடைக்கானல் இ-பாஸ் தேவையில்லை, அதைச் சொல்லித் தடுக்கப் பார்க்காதே. அவளுக்கு நல்ல ஷூ இருக்கிறது, ஓடுகிற பிள்ளைதானே. எனக்குத்தான் டார்ச் இல்லை. உன்னுடையதைப் பரணிலிருந்து எடுத்து, பேட்டரி போட்டு அவளிடம் கொடுத்துவிடு. பேச வேண்டும் என்றால் கூப்பிடு. போகக் கூடாது என்று சொல்வதற்காக என்றால் கூப்பிடாதே, நான் "சரிண்ணே" என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் தங்கச்சி