சிவப்புப் பொத்தானைப் பற்றிக் கேட்டாயே

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள குமரா,

பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம், வேறொன்றுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கடை அதே தண்டையார்பேட்டைச் சந்தில்தான். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற கால் டாக்ஸிக்கும் டூரிஸ்ட் வேனுக்கும் ஜிபிஎஸ் பெட்டி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் காரில் கண்ணாடிக்கு மேலே எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது, ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச்சில் மச்சினி வீட்டுக்குப் போகையில் எல்லை தாண்டினால் வேலை செய்யுமா என்று கேட்டிருந்தாய். ஜெர்மன் காருக்குத் திருவொற்றியூரில் ஆலோசனை! ஆனாலும் என் தொழிலை ஒட்டிய சங்கதி, அதனால் சொல்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு இ-கால் (eCall) என்று பெயர். ஏர்பேக் வெடித்தால், பொத்தானோடு சேர்ந்த, சிம் போட்ட பெட்டி தானாகவே 112-ஐ, அதாவது ஐரோப்பாவின் அவசர உதவி எண்ணை, அழைக்கும். நீ மயங்கிக் கிடந்தாலும் அழைக்கும். அது வரைக்கும் அந்த சிம் தூங்குகிறது. நீ எங்கே போகிறாய் வருகிறாய் என்று எவனுக்கும் சொல்லாது. அழைத்ததும் அருகில் எந்த டவர் கிடைக்கிறதோ அதைப் பிடிக்கும், யார் கம்பெனி என்று பார்க்காது. முதலில் 140 பைட்டுக்குள் அடங்கும் ஒரு சின்னப் பொட்டலம் போகும்: நேரம், வண்டி நிற்கும் இடம், ஓடிய திசை, சேசிஸ் நம்பர், பெட்ரோலா மின்சாரமா என்பது. பழைய டயல்-அப் மோடம் கீச்சென்று கத்துமே, அந்த மாதிரி குரல் போகிற அதே லைனில் ஒலியாகவே போய்விடும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

நாடு மாறினாலும் சரிப்படுவது இதனால்தான். அக்ஷரேகையும் தீர்க்கரேகையும் பிரெஞ்சுக்காரனுக்கும் செக் நாட்டுக்காரனுக்கும் ஒன்றுதானே. எல்லையோரம் நிற்கும் வண்டி பக்கத்து நாட்டு டவரைப் பிடித்து, அழைப்பு அந்த நாட்டுக்காரன் காதில் விழுவதும் உண்டு. இடம் எண்ணாக இருப்பதால் அவன் சரியான ஆளுக்குத் தள்ளிவிடலாம்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஐரோப்பிய யூனியன்காரர்கள் 2004-இலேயே பேச்சைத் தொடங்கி, கெடு தள்ளித் தள்ளிப் போய், 2018 மார்ச் 31 முதல் அனுமதி வாங்கும் புது மாடல்களுக்குத்தான் கட்டாயமாக்கினார்கள். ஆனால் அதற்கு அரை வருஷம் முன்னாலேயே, 2017 அக்டோபர் 1-க்குள், எல்லா நாட்டு 112 மையங்களும் இந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கத் தயாராக வேண்டும் என்று தனியாக ஒரு சட்டம். கேட்கிறவனைத் தயார் செய்துவிட்டுத்தான் கூப்பிடுகிறவனைச் செய்தான். ரஷ்யாக்காரன் இதே வேலைக்கு எரா-க்ளோனாஸ் என்று தனி வழி போனான். ஐ.நா.வில் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கென 144-ஆம் எண் விதி என்று ஒன்று வந்தது. ஒரு நாட்டில் சோதித்துத் தந்த சான்றை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கு. அது 1958 ஒப்பந்தத்தின் கீழ் வருவது. நாமும் அமெரிக்காவும் சீனாவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறக் காத்திருக்கும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும்: ஒரே வண்டி, இறங்குகிற ஊருக்குத் தகுந்தபடி உள்ளே பெட்டி மாறவேண்டும்.

நம் கதையைக் கேள். ஏ.ஐ.எஸ்-140 என்று விதி; டாக்ஸி, பஸ்ஸுக்கெல்லாம் பெட்டியும் சிவப்புப் பொத்தானும். பெட்டி ஓயாமல் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் டிரைவர்களுக்கு எரிச்சல். குழந்தைகள் அழுத்தி விளையாடுகிறார்கள் என்று ஒருத்தர் பொத்தான்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். பிரித்தெடுத்து, அழுத்திக் காட்டினேன். சிக்னல் போனது என் லேப்டாப்பில் தெரிந்தது. "இதைப் பார்த்து யாரு சார் வருவாங்க?" என்றார். என்னத்தைச் சொல்ல.

போன மாதம் எர்ணாவூர் பக்கம் ஒரு வேனைக் கண்டெய்னர் லாரி உரசிவிட்டது. ஒரு பையன் 108-க்குப் போன் போட்டான். எந்த இடம் என்று கேட்டதற்கு, "லாரி லைன் கட்டி நிக்குது பாருங்க, அங்கதான்" என்கிறான். அந்த ரோட்டில் லாரி லைன் கட்டாத இடம் எது? கடைசியில் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் போனை வாங்கி வழி சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. இங்கே முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது, நல்ல திட்டம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய அந்த இருபது நிமிஷத்தைத்தான் யாரும் கையிலெடுக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தும் இதே முறையில்தான் இருக்கிறது, அதனால் விதிப்படி வேலை செய்யும். சிக்கல் நெட்வொர்க்கில். உன் கார் 2019 மாடல் என்றாய்; அந்தக் காலப் பெட்டிகள் 2ஜி, 3ஜியில் பேசுகிறவை. அங்கத்திய டெலிபோன் கம்பெனி சுவிஸ்காம் 2020 முடிவிலேயே 2ஜியை நிறுத்தியது, 3ஜிக்கு 2025 முடிவைக் கெடு வைத்தது. உங்கள் பக்கம் டாய்ச் டெலிகாம் 2028-இல் 2ஜியை நிறுத்தப்போகிறது. 4ஜி, 5ஜியில் பேசும் பெட்டி 2026 ஜனவரி முதல் புது மாடல்களுக்குத்தான் கட்டாயம். பத்துப் பதினைந்து வருஷம் ஓடுகிற காருக்குள் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்காத நெட்வொர்க்கை நம்பிப் பெட்டியை வைத்தது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. எனவே அடுத்த சர்வீஸில் டீலரிடம் நேராகக் கேள்: இந்தப் பெட்டி எந்த நெட்வொர்க்கில் பேசும், மாற்றித் தருவீர்களா, எவ்வளவு ஆகும். மழுப்பினால் எழுத்தில் வாங்கு. சூரிச் போகும்போது செல்போனை டிக்கியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வை.

டீலர் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. தையில் வடிவுடையம்மன் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

உன்,
செல்வம்