செல்வத்துக்கு, கார்பன் தகடு பற்றி

நாகப்பட்டினம்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கொல்லைக் கோடியில் மேயும் கோழியைத் திண்ணையிலிருந்தே எண்ணிச் சொல்கிறாள். மதிக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் உன்னைத்தான் முதலில் விசாரித்தாள்.

மெஷின் கைக்காக நீ செய்த கார்பன் நார்த் தகட்டின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்பரப்பு பளபளவென்று இருக்கிறது, வெட்டிய விளிம்பு முழுக்கப் பொத்தல். துணியைத் தகடாக இறுக்கும் எபாக்சி ரெசினைத் தாராளமாகத்தான் ஊற்றினேன் என்கிறாய். மேலே ஊற்றியதுதான் வினை.

எங்கள் படகுப் பட்டறையில் கிளாஸ் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ரெசினில் நனைந்ததும் தெளிந்துவிடும். காற்று நின்ற இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும், அங்கே ரோலரை ஓட்டினால் முடிந்தது. கார்பன் காய்ந்தாலும் கறுப்பு, நனைந்தாலும் கறுப்பு. அதில் கண்ணை நம்பி வேலை செய்ய முடியாது. 3கே என்ற வகைக் கார்பன் துணியில் ஒவ்வொரு கற்றையிலும் 7 மைக்ரான் கனத்தில் 3000 நார்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே ஊற்றிய ரெசின் மூடி போட்டதுபோல் பரவிக்கொண்டால், நார்களுக்கு நடுவே உள்ள காற்று எங்கே போகும்?

அதனால் மோல்டில் (வார்ப்பு அச்சில்) முதலில் ரெசினைப் பூசு. துணியை ஒரு ஓரத்திலிருந்து அதன்மேல் மெதுவாகப் படியவிடு. கை வைக்காமல் சற்றுப் பொறு. ரெசின் கீழிருந்து ஊறி ஏறும்போது காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். மேல்பக்கம் ஒரே சீராக ஈரம் கண்டபிறகு ரோலரை எடு. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாக. அவசரமாக அழுத்தித் தேய்த்தால் ரெசின் நுரைக்கும், நெசவும் கலையும். அடுத்த துணிக்கும் இதே கதைதான்.

சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் (சாய்கோட்டு நெசவு) துணி என்றால் கைவேலையில் ஒரு அடுக்கு கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். 6 மி.மீ. தகட்டுக்கு 22, 24 அடுக்கு வேண்டும். அத்தனையையும் ஒரே மூச்சில் போடாதே. அடியில் உள்ளது சூடேறி இறுகத் தொடங்கும்போது நீ மேலே உருட்டிக்கொண்டிருப்பாய், காற்றுக்கு வழி அடைந்துபோகும். ஆறேழு அடுக்கு போட்டு, ரெசின் பிசுபிசுப்பாக இறுகும் கட்டத்தில் அடுத்த தொகுதியைத் தொடங்கு. இடையில் முழுதாகக் காய விடுவதாக இருந்தால் மேலே பீல் ப்ளை (பிறகு உரித்தெடுக்கும் துணி) போட்டு வை. பிறகு அதை உரித்துவிட்டுத் தொடரலாம்.

ரெசின் கலக்குவதிலும் பாதி காற்று உள்ளே போகிறது. டிரில்லில் கரண்டி மாட்டிக் கலக்கும் பழக்கத்தை விடு. தட்டைக் குச்சியால் அடியையும் ஓரத்தையும் வழித்துக் கலக்கு. இளஞ்சூட்டில் ரெசின் இளகி, குமிழி சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதே சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகி, வேலை நேரத்தைத் தின்றுவிடும். எனவே ரெசினை மெதுவாக இறுகச் செய்யும் ஹார்ட்னர் வாங்கு, சூடு சேராதபடி கலந்ததை வாளியில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்று. இன்னொன்று: படகு ரெசினில் இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கூட்டிக் குறைப்போமே, அந்த வேலை எபாக்சியின் ஹார்ட்னரில் கூடாது. டப்பாவில் சொன்ன விகிதம்தான், அதுவும் எடை போட்டு.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிட பம்ப் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. தகட்டின் மேல் வரிசையாகப் பீல் ப்ளை, துளையிட்ட பிலிம், பிரீதர் (காற்று போக வழிவிடும் பஞ்சு விரிப்பு), எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத பை. முழு வெற்றிடத்தில் காற்றுமண்டலம் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் கணக்கில் அழுத்தும், எந்த ரோலரும் அதற்கு ஈடாகாது. ஆனால் பிரீதர் ரெசினை அதிகமாகக் குடித்துவிட்டால் உள்ளே ரெசினின் அழுத்தம் விழுந்து, மிஞ்சிய குமிழிகள் பெரிதாகும். பம்ப் இருக்கிறதே என்று உருட்டுவதில் சோம்பல் படாதே.

வெட்டாமல் சோதிக்க ஒரு கணக்கு இருக்கிறது. போட்ட துணியின் எடை உனக்குத் தெரியும். ஓரம் வெட்டுவதற்கு முன் தகட்டை எடை போட்டு, துணி எடையைக் கழித்தால் ரெசின் எடை. கிராமில் துணி எடையை அதன் அடர்த்தி 1.8 ஆலும், ரெசின் எடையை அதன் அடர்த்தி 1.15 ஆலும் வகுத்துக் கூட்டு, கன சென்டிமீட்டரில் அதுதான் இருக்கவேண்டிய கனஅளவு. தகட்டைத் தண்ணீரில் முக்கி நிஜக் கனஅளவைப் பார். கூடுதலாக வருவது காற்று. நூற்றுக்கு ஒரு பங்கு காற்றே அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பை ஏழு விழுக்காடு அளவுக்குக் குறைத்துவிடும் என்பார்கள். நாள் முழுக்க ஆடும் மெஷின் கைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வெட்டும்போது மாஸ்க் போடு, அந்தத் தூள் நல்லதல்ல. பழைய தகட்டின் துண்டு ஒன்றைக் கூரியரில் அனுப்பு. ஹார்ட்னர் டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி