ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் இங்கே பெங்களூரில் என் மகன் மாடிப்படியில் தவறி விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். வயது 19, ஆட்டிசம் உள்ளவன், பேசுகிற சில சொற்களும் தமிழ்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் அழவில்லை. எவர்சில்வர் தம்ளர் ஒன்றைக் கன்னத்தில் அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அழாததால் அடி பலமாக இருக்காது என்று முடிவுகட்டிய ஊழியர்கள், தம்ளரைப் பிடுங்கி என்னிடம் தந்துவிட்டு, இருவருமாகத் தோளைப் பற்றிக் கன்னடத்தில் ஒரே நேரத்தில் பேசவும், அவன் உதறித் திமிறி ஒருவரைக் கடித்தும் விட்டான். கடைசியில் ஓட்டுநர்தான் சுழல்விளக்கை அணைத்து, தம்ளரைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி, கீழ்ப்படியில் பேசாமல் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பையன் தானே எழுந்து வண்டிக்கு நடந்தான்.

அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காததை அவர்கள் எப்படி அறிவார்கள்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47ஆவது பிரிவு, காவல்துறையினரின் பயிற்சியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளையும், மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர் ஆகியோரின் படிப்பில் மாற்றுத்திறன் பற்றிய பாடத்தையும் சேர்க்கச் சொல்கிறது. தீயணைப்பு வீரர்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்பது ஒரு குறைதான், புகை சூழ்ந்த வீட்டில் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளையைத் தேட வேண்டியவர்கள் அவர்கள்தானே.

கற்க வேண்டியதும் மலைப்பானதல்ல. ஒருவர் மட்டும் சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுவது, பதிலுக்குக் காத்திருப்பது, தொடுமுன் சொல்வது, வலியை எப்படிக் காட்டுவான் என்று வீட்டாரைக் கேட்பது, வலிப்பு உண்டா என்று விசாரிப்பது. குப்புறத் தள்ளி முதுகில் அழுத்திப் பிடித்தால் மூச்சே நின்றுவிடக்கூடும் என்பதை மட்டும் ஒவ்வொருவருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழும் உருதும் தெலுங்கும் புழங்கும் இந்த ஊரில், படத்தைச் சுட்டிக்காட்டியே கேட்கவும் சொல்லவும் வண்டிக்கு ஒரு படஅட்டை இருந்தால் பாதிச் சிரமம் குறையும்.

இதைப் படம் போட்டுக் காட்டி முடித்துவிடாமல், எங்கள் பிள்ளைகளையும் வகுப்புக்கு அழைத்து நேரில் பழகவிட வேண்டும் என்று மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அல்சூர் பக்கம் நடந்தால் மகனுடன் வர நான் தயார். காலை வேளையாக இருந்தால் நல்லது. மாலையில் அவனுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அல்சூர், பெங்களூரு