குஸ்ட்லாஃப்: கதவுக்கு அந்தப்பக்கம்

அன்புள்ள சேது,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். பாஸ்கரன் மாறவே இல்லை, இன்னும் அதே குடைதான்.

"மூணு டார்பிடோ வாங்கின கப்பல் முழுகாம என்ன செய்யும்?" என்று நக்கலாக எழுதியிருந்தாய். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் அகதிகளை ஏற்றிக்கொண்டு பால்டிக் கடலில் போன ஜெர்மன் கப்பல் வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் முழுகியதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அடிபட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் அது மிதந்ததே! அதற்குள் ஏன் ஆட்களைப் படகில் இறக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

1945 ஜனவரி 30, இரவு 9.16. சோவியத் எஸ்-13 நீர்மூழ்கி, யாரும் எதிர்பாராத கரைப்பக்கத்திலிருந்து அடித்தது. முதல் குண்டு கப்பலின் முன்பகுதியில், ஓய்விலிருந்த மாலுமிகளின் அறைகள் இருந்த இடத்தில். இரண்டாவது, வற்றடித்த நீச்சல் குளத்தில். அங்கே கடற்படை உதவிப் பெண்களைப் படுக்க வைத்திருந்தார்கள். மூன்றாவது இயந்திர அறையில்; மின்சாரம் போனது, ஒலிபெருக்கியும் போனது.

முதல் குண்டைத்தான் நீ கவனிக்க வேண்டும். தண்ணீர் பரவாமலிருக்க முன்பகுதிக் கதவுகளை உடனே அடைத்தார்கள். செய்ய வேண்டியதுதான், நாமும் அதையே செய்திருப்போம். ஆனால் உயிர்காப்புப் படகுகளை இறக்கப் பயிற்சி பெற்றவர்களில் பலர் கதவுக்கு அந்தப்பக்கம்! மேலே இருந்தவர்களுக்கோ பனியில் இறுகிய டேவிட்டுகளை, அதாவது படகு இறக்கும் தூக்கிகளை, விடுவிக்கத் தெரியவில்லை. கப்பல் இடப்பக்கம் சாயச் சாய, வலப்பக்கப் படகுகள் கப்பலின் உடம்பிலேயே முட்டி நின்றன. போதாக்குறைக்கு, கப்பலின் சொந்தப் படகுகளில் பல முன்பே துறைமுக வேலைக்குப் போயிருந்தன. 1,900 பேருக்குக் கட்டிய கப்பலில் ஏறத்தாழ 10,000 பேர், பாதிக்கு மேல் அகதிகள். பிழைத்தது சுமார் 1,250.

கிளம்பும்போதே கோளாறுதான், சேது. கப்பலை நடத்தும் மேல்தளத்தில் நாலு கேப்டன்! நீர்மூழ்கி அதிகாரி ட்ஸான், ஆழம் குறைந்த கரையோரமாக விளக்கை அணைத்துப் போகலாம் என்றார். கப்பலின் கேப்டன் பீட்டர்சன், கண்ணிவெடி அகற்றிய ஆழ்கடல் வழியைப் பிடித்தார். நாலு வருஷம் கட்டிப்போட்டிருந்த கப்பல், மணிக்கு 12 கடல் மைலுக்கு மேல் ஓட்டவும் அவருக்குத் துணிவில்லை. எதிரே கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் வருவதாகச் செய்தி வந்ததும், மோதாமலிருக்கச் சிவப்பு, பச்சை விளக்குகளை ஏற்றச் சொன்னார். துணைக்கு மிஞ்சியது 'லோவே' என்ற டார்பிடோ படகு ஒன்றுதான். அதன் நீர்மூழ்கி உணர்கருவியும் உறைந்து கிடந்தது.

எஸ்-13-இன் தளபதி மாரினெஸ்கோ செய்தது போர்க்குற்றமா என்றும் கேட்டிருந்தாய். குஸ்ட்லாஃபுக்குச் சாம்பல் நிறப் பூச்சு, விமான எதிர்ப்புத் துப்பாக்கி, நீர்மூழ்கிப் பயிற்சி வீரர்கள் நூற்றுக்கணக்கில், மருத்துவக் கப்பலின் அடையாளம் ஒன்றுமில்லை. சட்டம் அவர் பக்கம்தான் என்பேன். கீழ்த்தளத்துக் குழந்தைகளை நினைத்தால் அதை உரக்கச் சொல்ல நாக்கு எழவில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் 'கோயா', அகதிகளை ஏற்றிய இன்னொரு ஜெர்மன் கப்பல். சரக்குக் கப்பல், சில நிமிஷத்திலேயே போனது. அதன் உட்தடுப்புகளை, தண்ணீர் பரவாமல் தடுக்கும் உள்சுவர்களை, பற்றி உன் கருத்தை எழுது, ஒரு வரியில் முடிக்காதே. அக்காவுக்கு என் வணக்கம்.

உன்,
ராமு